மலருக்கு வைத்த உப்பு ஒத்தடம்

1

புதுச்சேரி உப்பளத்தில் என் தங்கை மலரின் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். வழக்கமாகப் பாரீஸுக்கு வடக்கே ஒரு புறநகரில், நான்காம் மாடி ஜன்னலோரத்தில் உட்கார்ந்துதான் இந்தப் பத்திரிகை வழியாக உங்களுக்கு எழுதுவேன். குளிர், ரயில், மேரி என்கிற நகராட்சி அலுவலகத்தில் பேப்பர் வாங்க நின்ற வரிசை என்று ஏதாவது புலம்புவேன். நீங்களும் பாவம், படிப்பீர்கள். இந்த முறை புதுச்சேரியில் இருந்துகொண்டே புதுச்சேரிக்காரர்களுக்கு எழுதுகிறேன். எழுத உட்கார்ந்ததுமே இங்கே, அங்கே இரண்டும் குழம்பிவிட்டன. 'இங்கே' என்று எழுதிவிட்டு எந்த ஊரைச் சொல்கிறேன் என்று நானே திரும்பிப் படித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இங்கே என்றால் உப்பளம்.

விஷயம் இதுதான். போன வருடத்தோடு எனக்கு வேலை முடிந்தது. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் ஓட்டல்களின் மேசைத் துணிகளும் வந்து குவியும் ஒரு சலவைக்கூடத்தில், துணியைச் சூடாக அழுத்தித் தள்ளும் இயந்திரத்தின் எதிரே நின்றே என் வயது ஓடிவிட்டது. கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ஷர்மிளா லியோனில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து 'சா வா, மமோ?' என்று கேட்பாள். நல்லா இருக்கியாம்மா என்று அர்த்தம். நானும் 'சா வா' என்பேன். அத்தோடு நலம் விசாரிப்பு முடிந்தது.

இங்கே மலர் தனியாக இருக்கிறாள். அவளுக்கும் கணவர் இல்லை. மகன் பெங்களூரில். காலையில் எழுந்தால் இரண்டு முட்டியும் மரக்கட்டை, மடக்கினால் நீட்ட முடியாது, நீட்டினால் மடக்க முடியாது, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறாள். நான் வந்து அவளோடு இருந்துவிட்டால் அவளுக்கும் துணை, எனக்கும் துணை. பிரான்சில் இருந்தபடியே முடிவு செய்துவிட்டேன். ஒன்றுதான் பாக்கி, அவள் 'வா' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வந்த அன்றைக்கே கேட்டேன்.

"நான் இங்கியே வந்துடட்டுமா மலரு? உன்ன நான் பாத்துக்கிறேன்."

மலர் குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "பாக்கலாம்க்கா. மொதல்ல சாப்புடு," என்றாள்.

அந்தப் 'பாக்கலாம்' மாசி மாதத்தில் சொன்னது. பங்குனியும் பிறந்துவிட்டது. ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு இரண்டு ஊரில் வாழ்ந்து பழக்கம் உண்டு, இரண்டுக்கும் நடுவில் தொங்கிப் பழக்கம் இல்லை.

2

முதலில் கொட்டைப் பை கதையைச் சொல்லிவிடுகிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு ஷர்மிளா எனக்கு ஒரு பை கொடுத்தாள். சின்னத் தலையணை மாதிரி இருக்கும், உள்ளே செர்ரிப் பழத்தின் கொட்டைகள். மைக்ரோவேவில் வைத்துச் சூடாக்கி, வலிக்கிற இடத்தில் போட்டுக்கொள்ள வேண்டியது. அங்கே மருந்துக்கடையிலேயே விற்கிறார்கள். "இனிமே வாணலியில உப்பு வறுக்காத மமோ, ப்ளீஸ்," என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. எனக்கும் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் கல்லுப்போடு ஒரு பிடி ஓமமும் சேர்த்து வறுத்தேன். நல்ல வாசனை. கூரையில் மாட்டியிருக்கிற புகை எச்சரிக்கைப் பெட்டிக்கு அந்த வாசனை பிடிக்கவில்லை போலிருக்கிறது. அது போட்ட கூச்சலில் எதிர்வீட்டு மதாம் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள். அடுத்த வாரம் குடியிருப்பு அலுவலகத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது. போனேன். என்ன சமைத்தீர்கள் என்று கேட்டார்கள். சமைக்கவில்லை, உப்பு வறுத்தேன் என்றேன். எதற்கு என்றார்கள். தோளுக்கு என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு என் தோளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கடைசியில் 'சமையல்' என்றே எழுதிக்கொண்டாள்.

அங்கே கை கால் பயிற்சி கொடுக்கிறவரைக் 'கினே' என்பார்கள். அவரிடம் போனபோது இன்னும் மோசம். தோளில் வாயு பிடித்திருக்கிறது என்பதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன். "தோளில் காற்றா?" என்று கேட்டார். ஆமாம், காற்று நுழைந்துவிட்டது என்றேன். "எந்த வழியாக, மதாம்?" என்றார். அதற்கு மேல் எனக்குப் பிரெஞ்சு வரவில்லை.

அந்தக் கொட்டைப் பையை மலருக்குக் கொடுக்கலாம் என்று பெட்டியில் வைத்தேன். சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

"என்னாம்மா இது?"

"செர்ரிக் கொட்டை சார். மூட்டுவலிக்கு."

"நட்டா முளைக்குமா?"

"முளைக்காது சார், காஞ்ச கொட்டை," என்று அடித்துவிட்டேன். முளைக்குமா முளைக்காதா என்று எனக்கு எங்கே தெரியும்? அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்த இன்னொருவர் பையை அழுத்திப் பார்த்து, தன் கழுத்தின் மேல் போட்டுப் பார்த்து, எங்கே கிடைக்கும் என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மலர் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அவ்ளோ தூரத்துல இருந்து கொட்டயத் தூக்கினு வந்தியாக்கா?"

அவள் வீட்டில் மைக்ரோவேவ் கிடையாது. பை பீரோவுக்குள் போனது. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்தான். எனக்கு வேண்டியது உப்பு ஒத்தடம். இங்கே புகைப் பெட்டியும் இல்லை, நாய்க்குட்டி மதாமும் இல்லை.

3

மறுநாளே பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். உப்பளத்தில் இருந்துகொண்டு உப்பு வாங்க ஆட்டோ பிடிக்கிறோமே என்று ஆட்டோக்காரரைக் கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருப்பார். இறங்கும்போது பழக்க தோஷத்தில் 'மெர்சி' என்றேன். "போன்ழூர் மதாம்," என்று பதிலுக்குச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுக்கச் சொன்னார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

கல்லுப்பு வாங்கி முடித்து, மீன் பக்கம் போகும் முன் டீ குடித்தோம். மலர் கண்ணாடி டம்ளரை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஊதினாள். நான் வெறும் கையால் டம்ளரின் நடுவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"கை சுடலயாம்மா?" என்றார் டீக்கடைக்காரர்.

"தொழில் பண்ண கை," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பெருமைக்கு நியாயம் இருந்தது. சலவைக்கூடத்தில் உருளைகளுக்கு நடுவிலிருந்து விரிப்பு வெளியே வரும்போது தொட முடியாது. புதிதாக வரும் பெண்கள் கையுறை போட்டும் 'ஐயோ' என்று உதறுவார்கள். நான் வெறும் கையால் இரண்டு முனையையும் பிடித்து மடித்துப் போடுவேன். எங்கள் மேற்பார்வைக்காரி போர்ச்சுகல்காரி. புதிதாக வந்தவர்களிடம் என்னைக் காட்டி, பாருங்கள், இரும்புக் கை என்பாள். ஒரு முறை பாஸ்போர்ட் புதுப்பிக்க மேரிக்குப் போனபோது, கைரேகை எடுக்கும் கண்ணாடியில் என் விரல்கள் பதியவே இல்லை. அங்கே வேலை பார்த்த பையன் கண்ணாடியைத் துடைத்தான், என் விரலைத் துடைத்தான், கிரீம் தடவச் சொன்னான், அழுத்தச் சொன்னான். ஒன்றும் வரவில்லை. "வேலை உங்கள் விரலைத் தின்றுவிட்டது, மதாம்," என்றான். அதையும் வீட்டில் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

ஒத்தடத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. அப்பா மில் வேலை முடிந்து தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். அம்மா இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு பொட்டலம் கட்டுவாள். ஒன்று உடம்பில் இருக்கும்போது இன்னொன்று சட்டியில் இருக்கும். எடுத்தவுடன் உடம்பில் வைத்துவிட மாட்டாள். தன் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்ப்பாள். தாங்கினால்தான் அப்பா தோளுக்குப் போகும். மலரும் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்து இதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

நானும் அந்த முறையை அட்சரம் பிசகாமல் செய்தேன். காலையில் காபி ஆனதும் மலரை நாற்காலியில் உட்கார வைப்பேன். உப்பு படபடவென்று பொரிகிற வரை வறுப்பேன். பொட்டலம் கட்டி உள்ளங்கையில் வைத்து அழுத்துவேன். என் கைக்கு இதமாக இருக்கும். காலைத் திறந்து காட்ட அவளுக்குக் கூச்சம், புடவைக்கு மேலாகவே முட்டியில் வைப்பேன்.

"ஸ்ஸ்... சூடு கூடக்கா."

"சூடா இருந்தாத்தான்டி வலி போவும். கையில வச்சுப் பாத்துட்டுதான வைக்கிறேன்? சின்னப் புள்ளயிலேருந்தே நீ இப்பிடித்தான், எதுக்கெடுத்தாலும் ஆ ஊன்னுவ."

இரண்டு மூன்று நாள் அப்படிச் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருக்கிற முருகன் காலண்டரையே பார்த்துக்கொண்டிருப்பாள். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லா இருக்குக்கா," என்பாள். நடையிலும் கொஞ்சம் தெளிவு இருந்தது. முட்டி இளகிவிட்டது என்று எனக்கு ஒரே பூரிப்பு. பார்த்தாயா, கினேயும் வேண்டாம், கொட்டையும் வேண்டாம் என்று ஷர்மிளாவுக்குச் செய்திகூட அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

இவ்வளவு நன்றாகப் போகிறதே, இப்போதாவது கேட்கலாம் என்று மறுபடியும் கேட்டேன். "நான் வந்துட்டா தெனமும் இது மாரி வச்சு வுடுவேன் இல்ல?"

மலர் புடவையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "பாக்கலாம்க்கா," என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நான் வருவது இவளுக்குப் பாரமா? மகனிடம் கேட்க வேண்டுமா? இல்லை, இத்தனை வருஷம் வராதவள் இப்போது எதற்கு என்று நினைக்கிறாளா? கேட்டால் சொல்ல மாட்டாள். நான் சத்தமாக யோசிக்கிறவள், அவள் சத்தமில்லாமல் யோசிக்கிறவள்.

4

முட்டிதான் இளகிவிட்டதே, கொஞ்சம் வெளியே போய் வரலாம் என்று நோணாங்குப்பம் போகும் யோசனையை நான்தான் எடுத்தேன். படகில் ஏறினால் எதிர்க் கரையில் மணல், கடல். மலர் முதலில் வேண்டாம் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

படகுத் துறையில் கூட்டம். படகு ஆடிக்கொண்டிருந்தது. நான் முதலில் ஏறிவிட்டேன். மலர் ஒரு கையால் படகுக்காரரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் புடவையைத் தூக்கிக் காலை எடுத்து வைத்தாள். அப்போதுதான் பார்த்தேன். முட்டியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் வலை விரித்தாற்போல் தோல் கறுத்திருந்தது. அதன் நடுவே ஒரு கொப்புளம் உடைந்து, உள்பாவாடை ஒட்டிக்கொண்டிருந்தது.

படகுக்காரரும் பார்த்துவிட்டார். "என்னாம்மா இது, தீக்காயமா? தண்ணி படக் கூடாது. எறங்குங்க, எறங்குங்க."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மலர் சட்டென்று புடவையை இறக்கிவிட்டாள். நான் படகிலேயே நின்றுகொண்டிருந்தேன். என்ன காயம், எப்போது பட்டது, யார் செய்தது என்று அந்த நிமிஷம் எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அடுப்பில் இடித்துக்கொண்டாளா என்றுகூட யோசித்தேன். படகுக்காரர் கையைப் பிடித்து இறக்கிவிட்ட பிறகுதான் காலையில் நான் வைத்த உப்புப் பொட்டலம் ஞாபகத்துக்கு வந்தது.

ஆட்டோவில் ஏறியதும் கேட்டேன். "ஏன்டி சொல்லல?"

"சொன்னேனேக்கா. மொத நாளு சொன்னேன், மக்யா நாளும் சொன்னேன். நீ திட்டுன."

"அப்புறமும் சொல்லணும் இல்ல? கையத் தட்டி வுட்டுருக்கணும் இல்ல?"

மலர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "எனக்கும் ஒண்ணும் புரியலக்கா. நீ ஒங் கையில வச்சு அழுத்திப் பாத்துட்டுதான வைக்கிற. ஒங் கை தாங்குது. எங் காலு தாங்கல. அப்ப எனக்குத்தான் வயசாயி தோலு மெலிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். அவ்ளோ தூரத்துல இருந்து எனக்குன்னு வந்து அடுப்புல நின்னு வறுக்கிற, எப்பிடி வாணான்னு சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலா, என் மேலா என்று தெரியாத கோபம். அழுகையும் கூடவே வந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு வண்டியைச் சீராக ஓட்டினார்.

5

ஆஸ்பத்திரியில் புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டார்கள். பிறகு பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு சின்னப் பெண் இருந்தாள், ஷர்மிளா வயதுதான் இருக்கும். மலரின் முட்டியைச் சுற்றியிருந்த கறுப்பு வலையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது ஒரு நாள் சூடு இல்லம்மா. தினமும் ஒரே எடத்துல வச்சிருக்கீங்க. யாரு ஒத்தடம் குடுத்தது?"

"நான்தான் மேடம்," என்றேன். பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்பது போல எழுந்து நின்றுவிட்டேன்.

"கையில வச்சுப் பாக்கலயா?"

"பாத்துட்டுதான் வச்சேன். எங் கைக்குச் சுடவே இல்ல."

மலரின் காலிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க உக்காருங்க. சுகர் இருக்கா?"

இருக்கிறது, பல வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். உள்ளே போய் இரண்டு கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்றில் சுடுதண்ணீர், ஒன்றில் ஐஸ் தண்ணீர். கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னாள்.

"இது சூடா, ஜில்லா?"

ஏதோ கண்ணாடி தொடுவது தெரிந்தது. "ஜில்," என்றேன்.

"இது?"

"இதுவும் ஜில்லுதான்."

கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப?" என்றாள்.

"வைங்க, சொல்றேன்," என்றேன்.

"வச்சிருக்கேம்மா," என்றாள்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். என் விரல் நுனிகளின் மேல் குழாய் இருந்தது, அதற்குள்ளிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. மலர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது அவளுடைய காலைக் காட்ட, இப்போது நோயாளி நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

எதனால் இப்படி என்று கேட்டேன். சர்க்கரையாக இருக்கலாம் என்றாள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தியிருக்கலாம், ஒரே வேலை செய்த கை. தோல் தடித்ததும் சேர்ந்திருக்கலாம். டாக்டரைப் பார்த்து, நரம்புக்குப் பரிசோதனை எடுத்தால்தான் தெரியும். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டதற்கு, "அது உங்களுக்குத்தாம்மா தெரியணும்," என்றாள். எனக்குத் தெரியவில்லை.

போகும்போது மலருக்குச் சொல்லி அனுப்பினாள். காய்ந்த சூடு விறைப்புக்கு நல்லதுதான், விட வேண்டாம். புண் ஆறுகிற வரைக்கும் அந்த முட்டியை விட்டுவிட்டு மற்றதற்கு வைக்கலாம். துணியை நன்றாக மடித்து, இளஞ்சூடாக, கொஞ்ச நேரம் போதும். "ஆனா சூட்ட அக்கா கை பாக்க வாணாம்," என்றாள்.

6

அன்றிலிருந்து எதைப் பார்த்தாலும் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். மொட்டை மாடிச் சுவர், குக்கர் மூடி, குழாய்த் தண்ணீர். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. சோற்றைப் பிசைந்தால் சுடுகிறதா என்று கையைக் கேட்கிறேன், நாக்குதான் பதில் சொல்கிறது. இத்தனை நாள் இது எனக்கு எப்படித் தெரியாமல் போனது? தெரியாததைத் தெரியாது என்று எப்படித் தெரிந்துகொள்வது? இப்படியே யோசித்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஷர்மிளா வீடியோவில் வந்தாள். 'சா வா, மமோ?' என்றாள். முதல் முறையாக 'சா வா' என்று சொல்லாமல் எல்லாவற்றையும் தமிழிலேயே கொட்டிவிட்டேன். பிறகு ஒன்று கேட்டேன்.

"சின்ன வயசுல நான் ஒனக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துவனே, சுடுமா?"

"சுடும்," என்றாள். "ரொம்ப."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னேன் மமோ. சா ப்ரூல், சா ப்ரூல்னு கத்துவேன். சுடுது, சுடுதுன்னு. இந்த ஊர்ப் பசங்களுக்கு எதுவும் தாங்காதுன்னு நீ சொல்வ. அப்பறம் எல்லா அம்மாவும் அப்பிடித்தான் போலன்னு நெனச்சேன்."

எனக்குச் சுருக்கென்று ஒன்று ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே ஷர்மிளா குளியலறைக் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். இனி நானே குளித்துக்கொள்கிறேன், நீ வராதே என்று பிரெஞ்சில் சொன்னாள். அந்த ஊர்ப் பழக்கம் வந்துவிட்டது, பிள்ளை கையை விட்டுப் போகிறாள் என்று கணவரிடம் அழுதேன். உங்களுக்கும் ஒரு முறை அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், மொழி பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கிறது என்றெல்லாம். மொழிதான் பிரித்ததா, தண்ணீர் சூடு பிரித்ததா? அப்போதே என் கை இப்படித்தான் இருந்ததா, இல்லை, அவசரத்தில் விளாவாமல் ஊற்றினேனா? இனி யாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது?

"அதனாலதான் அந்தக் கொட்டைப் பை வாங்கினேன்," என்றாள். "ரெண்டு நிமிஷத்துக்கு மேல சூடாக்கக் கூடாதுன்னு அதுலயே எழுதியிருக்கு. நீ ஒழுங்கா படிப்பன்னு நெனச்சேன்."

"ஒனக்கு அப்பவே தெரியுமாடி?"

"தெரியாது மமோ. ஆனா ஓவன்ல இருந்து நீ ட்ரேய வெறும் கையால எடுப்ப. எனக்கு பயமா இருக்கும். சொன்னா நீ சிரிப்ப."

அப்புறம், "கையக் காட்டு," என்றாள். என்ன தெரியப்போகிறது என்று கேட்டுக்கொண்டே உள்ளங்கையைப் போனுக்கு நேரே விரித்தேன். அவள் திரைக்குக் கிட்டே வந்து ரொம்ப நேரம் பார்த்தாள். சின்ன வயதில் அவள் ஓடி ஒளிந்தது இந்தக் கையிடமிருந்துதான்.

7

நேற்று மத்தியானம் மலர் பீரோவைத் திறந்து கொட்டைப் பையை எடுத்தாள். "இதுக்கு மிஷின் எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு படியாக நின்று நின்று மொட்டை மாடிக்கு ஏறினாள். பின்னாலேயே போனேன். வெயில் கொளுத்தியது. தட்டில் காய்ந்துகொண்டிருந்த மோர் மிளகாய்க்குப் பக்கத்தில் பையைப் பரப்பி வைத்தாள். கொட்டைகள் சூடேற நேரம் பிடித்தது. காக்கா ஒன்று வந்து கொத்திப் பார்த்துவிட்டு ஏமாந்து போயிற்று.

சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தோம். கேட்டுவிடுவது என்று கேட்டேன். "நான் வரட்டுமா, வாணாமான்னு நீ சொல்லவே இல்ல. பாக்கலாம், பாக்கலாம்ன. ஏன்டி?"

மலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். "வருஷம் பூரா இந்தச் சூட்டத் தாங்கணுமேன்னு பயமா இருந்துச்சுக்கா."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இப்ப என்னா செய்யலாம்? ஒன்னப் பாத்துக்கத்தான் வரேன்னேன். இந்தக் கைய வச்சுனு யாரு யாரப் பாத்துக்கிறது?"

அவள் சுவரைப் பிடித்து எழுந்துபோய்ப் பையை எடுத்தாள். தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் எதிரே வந்து குனிந்து, என் கையை ஒதுக்கிவிட்டு, பையை என் கன்னத்தில் வைத்து அழுத்தினாள்.

"இங்க சொல்லு. சுடுதா?"

கன்னத்தில் சுரீரென்றது. "சுடுதுடி," என்றேன்.

"நெசமா?"

"நெசமாத்தான். ரொம்பச் சுடுது, எடு."

மலர் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். "அப்பாடா," என்றாள். "இனிமே கன்னத்துல வச்சுப் பாரு. நீ வாக்கா. அங்க போயி டெஸ்ட்ட எடு, மாத்திர மருந்த வாங்கினு சீக்கிரம் வந்துடு."

என் பக்கத்தில் உட்கார்ந்து, புண் இல்லாத காலை நீட்டி, பையை என் மடியில் போட்டாள். எடுத்துக் கன்னத்தில் வைத்தேன். இன்னும் சுட்டது. கொஞ்சம் ஆறட்டும் என்று இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.